பள்ளிச் சுவருக்குக் காசு கொடுத்தவர்கள்

சிங்கப்பூர் பிராஸ் பாசா சாலையில், வளைந்த இரு சிறகுகளை விரித்ததுபோல் நிற்கும் வெள்ளைக் கட்டடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1996ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகமாக அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. அதற்கு முன்னர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது ஒரு பள்ளிக்கூடம். செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி அங்கேதான் இயங்கியது. முகப்பின் மேலே இரண்டு சிறுவர்களோடு நிற்கும் சிலை, அந்தப் பள்ளியை நடத்திய சபையின் நிறுவனர் புனித ஜான் பாப்டிஸ்ட் டி லசாலின் உருவம்.

இப்படிப்பட்ட கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது யார் கட்டினார், எந்த ஆண்டு கட்டினார் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. ஆனால், ஒரு தனியார் பள்ளியின் வரலாற்றில் அதுதான் முக்கியமான கேள்வி. பணம் வந்த வழியைப் பொறுத்தே, அந்த வகுப்பறையில் யார் உட்காரலாம், யார் உட்கார முடியாது என்பது தீர்மானமாகிறது. வகுப்பறையைப் புதுப்பிக்க, நவீனமாக்க, கூரை மாற்ற என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நன்கொடை அட்டைகளை நீட்டும் ஒவ்வொரு மிஷன் பள்ளியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கேட்கத் தெரிந்த பாதிரியார்

கதை பாதிரியார் ஜான் மரி பியூரெலிடமிருந்து தொடங்குகிறது. பிரான்ஸ் நாட்டவரான அவர், பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்தவர். 1839ல் சிங்கப்பூர் வந்தார். அவர் சார்ந்த சபை தமிழர்களுக்குப் புதியதன்று. 1776ஆம் ஆண்டிலிருந்து புதுச்சேரியில் பணியாற்றிய சபை அது. பின்னாளில் புதுச்சேரிப் பக்கமிருந்து சிங்கப்பூர் வந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக ஓஃபிர் சாலையில் லூர்து மாதா தேவாலயம் 1888ல் எழுந்ததும் இந்தச் சபையின் முயற்சியால்தான்.

பியூரெலின் முதல் பெரிய கட்டட வேலை, நல்லாயன் தேவாலயம். அதற்கான பணத்தை அவர் ஊர் ஊராக, நாடு நாடாகக் கேட்டுத் திரட்டினார். பிரான்ஸ் நாட்டு அரசி மரி அமேலியும் மணிலா பேராயரும் கொடுத்தவர்களில் அடங்குவர். 1847ல் தேவாலயம் திறக்கப்பட்டது. அரசியிடம் கேட்கத் தயங்காதவர் அவர். ஆனால், பிரெஞ்சு மறைப்பணியாளர்களுக்குத் தொடர்ச்சியாக உதவி வந்த பெரும் ஊற்று அரசியின் கருவூலம் அன்று.

பிரான்சின் லியோன் நகரில் பொலின் ஜாரிகோ என்ற இளம்பெண் ஒரு வழி கண்டிருந்தார். பட்டு ஆலைத் தொழிலாளர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஒவ்வொருவரும் வாரம் ஒரு சூ கொடுக்கச் செய்தார். சூ என்பது அந்நாளைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு. பத்துப் பேரிடம் ஒருவர் வசூலிப்பார். அப்படிப் பத்து வசூலிப்பாளர்களுக்கு ஒருவர் பொறுப்பாக இருப்பார். 1822ல் இந்த ஏற்பாடு நம்பிக்கை பரப்பும் சங்கமாக உருவெடுத்தது. உலகின் பல மூலைகளிலும் தேவாலயங்களும் பள்ளிகளும் எழ அந்தச் சில்லறை உதவியது. நம் வீடுகளில் சோறு வடிக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கம் இருந்ததே, அதே கணக்குதான் இது. கொடுப்பவருக்குச் சுமை தெரியாது. சேரும்போதுதான் அளவு தெரியும்.

ஆறு சகோதரர்கள் இறங்கிய ஆண்டு

தேவாலயம் முடிந்தவுடன் பியூரெலின் மனம் பள்ளியின் பக்கம் திரும்பியது. ஆசிரியர்களைத் தேடி 1850ல் பிரான்சுக்குப் போனார். 1852ல் லசாலியச் சகோதரர்கள் ஆறு பேரோடு திரும்பினார். அவர்களில் மூவர் சிங்கப்பூரில் தங்கினர். மற்ற மூவர் பினாங்குக்குச் சென்றனர். அதே ஆண்டிலேயே சிங்கப்பூரில் செயின்ட் ஜோசப்ஸ் என்று பின்னாளில் பெயர்பெற்ற பள்ளியும், பினாங்கில் செயின்ட் சேவியர்ஸ் இன்ஸ்டிடியூஷனும் பிறந்தன.

சிங்கப்பூரில் 1852 மே மாதம் பாடம் தொடங்கியபோது புதுக் கட்டடம் எதுவும் இல்லை. நல்லாயன் தேவாலயம் எழுந்த பிறகு வெறுமையாகக் கிடந்த பழைய சிற்றாலயம்தான் வகுப்பறை ஆனது. பிரார்த்தனைக்குக் கட்டிய ஒரு கூடத்தைப் பாடத்துக்கு மாற்றியமைத்ததே இந்தப் பள்ளியின் முதல் புதுப்பிப்புப் பணி என்று சொல்லலாம்.

அந்த ஒரே கூடம் போதாமற்போனதற்குப் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. கற்பிக்கும் முறையும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் குறைந்த செலவில் பள்ளி நடத்தப் பெயர்பெற்ற முறை ஒன்று இருந்தது. ஒரே ஆசிரியர், ஒரே கூடம், மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லம் ஒன்றைக் கவனித்த ஆண்ட்ரூ பெல், அங்கே கண்டு வளர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதால் அதற்குச் சென்னை முறை என்றே பெயர். மணலில் எழுதிப் பழகும் நம் திண்ணைப் பள்ளியின் சாயல் அதில் உண்டு.

லசாலியர்களின் வழி வேறு. சம நிலையிலுள்ள மாணவர்களை ஒரே வகுப்பில் வரிசையாக உட்காரவைத்து, ஆசிரியரே எல்லாருக்கும் ஒன்றாகக் கற்பிக்க வேண்டும் என்பது 17ஆம் நூற்றாண்டிலிருந்து அவர்கள் கடைப்பிடித்த முறை. இதற்கு நிலைக்கு ஓர் அறை வேண்டும். அறைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அதாவது, நல்ல கல்வி என்று அவர்கள் நம்பியதே செலவு கூடிய கல்வியாக இருந்தது. இன்னொரு பக்கம், ஏழைப் பிள்ளைகளிடம் காசு வாங்காமல் கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் நிறுவனர் வகுத்த கொள்கை. செலவோ அதிகம், வரவோ இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்பத்தான் நன்கொடை தேவைப்பட்டது.

மறுக்கப்பட்ட நிலம்

பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்று பியூரெல் விரும்பினார். தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிலம் கேட்டு ஆளுநர் பட்டர்வொர்த்துக்கு எழுதினார். தேவாலயத்துக்கு ஏற்கெனவே நிலம் கொடுத்தாயிற்று என்று சொல்லி அரசாங்கம் மறுத்துவிட்டது.

பியூரெல் மனம் தளரவில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் கால்ட்வெல் என்பவருக்காகக் கட்டிடக்கலைஞர் ஜார்ஜ் கோல்மன் கட்டிக்கொடுத்த வீடு ஒன்று இருந்தது. இவர் நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றிய கால்ட்வெல். திராவிட மொழிகளை ஆய்ந்த கால்டுவெல் அல்லர். அந்த வீட்டை 1852ல் பியூரெல் தம் சொந்தப் பணத்திலேயே வாங்கினார். பின்னர் அக்கம்பக்கத்து மனைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

1854 பிப்ரவரியில் அன்னை மத்தில்ட் ராக்லோவும் அவரோடு வந்த குழந்தை இயேசு சபைச் சகோதரிகளும் பினாங்கிலிருந்து வந்து அந்த வீட்டில் குடியேறினர். சில நாள்களுக்குள் பாடம் தொடங்கிவிட்டது. கட்டணம் செலுத்தும் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. அநாதைகளுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்பு. விடுதியும் தொடங்கியது. வாசலில் விட்டுச்செல்லப்பட்ட குழந்தைகளையும் சகோதரிகள் எடுத்து வளர்த்தனர். அந்த வாயிலுக்கு நம்பிக்கை வாயில் என்ற பெயர் பின்னர் நிலைத்தது.

இரண்டு வகுப்பு என்றதும் இன்றைக்குச் சிலருக்கு உறுத்தலாம். ஒரே கூரையின் கீழ் காசுள்ளவருக்கு ஓர் அறை, இல்லாதவருக்கு ஓர் அறை என்பது சமத்துவமன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த ஏற்பாட்டின் கணக்கையும் பார்க்க வேண்டும். முதல் அறையில் வாங்கிய கட்டணம் இரண்டாம் அறையின் செலவைத் தாங்கியது. அதுவும் போதாதபோது சகோதரிகள் தையல் வேலையும் பூவேலையும் செய்து விற்றனர். பள்ளியை நடத்துவோர் தம் உழைப்பை முதலில் வைத்து, பிறகே ஊரிடம் கை நீட்டினார்கள். ஊர் கொடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பினாங்கிலும் இதே கதைதான். 1852ல் அங்கே தொடங்கிய கான்வென்ட், 1859ல் லைட் ஸ்திரீட்டிலிருந்த பழைய அரசாங்க மாளிகை வளாகத்தை விலைக்கு வாங்கிக் குடியேறியது. ஆட்சியாளர் இருந்த இடத்தில் அநாதைச் சிறுமிகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

பன்னிரண்டு ஆண்டுக் கட்டடம்

பிராஸ் பாசா சாலையில் ஆண்கள் பள்ளிக்கான நடுக் கட்டடத்துக்கு 1855ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்தது 1867ல். பன்னிரண்டு ஆண்டுகள்! அடிக்கல் நாட்டு விழாவில் கூடும் கூட்டம் ஒவ்வோர் ஆண்டும் கூடுவதில்லை. முதல் நன்கொடையின் உற்சாகம் ஜன்னல், கதவு, தரை என்று வரும்போது இருப்பதில்லை. கோயில் திருப்பணிக் குழுவில் இருந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

கட்டடம் முடிந்த மறு ஆண்டு, 1868ல், உடல்நலம் குன்றிய பியூரெல் பிரான்சுக்குத் திரும்பினார். 1872ல் பாரிஸில் காலமானார். அதே 1872ல் அன்னை மத்தில்ட் ஜப்பானுக்குச் சென்று அங்கேயும் பள்ளி தொடங்கினார். தொடங்கியவர்கள் போன பிறகும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் பள்ளிகள் நின்றன. பணம் தனிமனிதரை நம்பி மட்டும் வரவில்லை என்பதற்கு இது சான்று.

மானியம் வந்தது, மாற்றமும் வந்தது

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கம் மிஷன் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. ஆனால், இங்கிலாந்தில் 1862ல் அறிமுகமான முறையை ஒட்டி, தேர்வு முடிவைப் பார்த்தே பணம் அளக்கப்பட்டது. எத்தனை மாணவர்கள் எத்தனை பாடத்தில் தேறினார்களோ, அதற்கு ஏற்ப மானியம். பள்ளிக்கூடம் பணத்துக்காகத் தேர்வையே நோக்கி ஓட வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. மெதுவாகப் படிக்கும் பிள்ளை வகுப்பில் இருப்பது கணக்குப் புத்தகத்தில் நட்டமாகத் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில்தான் இது மாறி, செலவுக்கும் கட்டண வரவுக்கும் இடையிலான பற்றாக்குறையை அரசாங்கம் ஈடுகட்டும் முறை வந்தது.

மானியம் வந்தும் கட்டடச் சுமை முழுவதும் நீங்கவில்லை. நகரம் பெருகியது, ஆங்கிலம் படித்தால் அலுவலக வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை பரவியது, சேர வந்த பிள்ளைகளும் பெருகினர். 1903ல் செயின்ட் ஜோசப்ஸ் பள்ளிக்கு அந்த வளைந்த சிறகுகள் சேர்க்கப்பட்டன. அவற்றை வடிவமைத்தவர் பாதிரியார் சார்ல்ஸ் பெனடிக்ட் நேன். அடுத்த ஆண்டே அருட்பணிக்குத் திறந்த கான்வென்ட் சிற்றாலயமும் அவர் வடிவமைத்ததுதான். தம் சபையிலேயே வரைபடம் போடத் தெரிந்தவர் இருந்தது பள்ளிகளுக்குப் பெரிய உதவி. காசாக வராத நன்கொடைகளும் உண்டு. வரைபடம் ஒரு நன்கொடை, மேற்பார்வை ஒரு நன்கொடை.

இதிலும் பெரிய நன்கொடை ஒன்று உண்டு. எந்தப் பலகையிலும் அது பொறிக்கப்படுவதில்லை. சகோதரர்களும் சகோதரிகளும் வறுமை விரதம் பூண்டவர்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களாக அவர்களுக்குக் கிடைத்த சம்பளம் அவர்கள் கைக்குப் போகாமல் சபையின் பொதுப் பணத்தில் சேர்ந்தது. உணவு, உடை, மருந்து போக மிஞ்சியது புதிய பள்ளிகளுக்கும் புதிய வகுப்பறைகளுக்கும் போனது. கோலாலம்பூரில் 1904ல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ், ஈப்போவில் 1912ல் தொடங்கிய செயின்ட் மைக்கல்ஸ் போன்ற பள்ளிகள் வளர்ந்ததை இந்தச் சிக்கனத்தை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. ஒருவரே ஆசிரியராக இருந்து, தம் சம்பளத்தாலேயே தம் வகுப்பறைக்குச் செங்கல் வாங்கியதற்கு ஒப்பானது அது.

இடிந்த பிறகு எழுந்தவை

இரண்டாம் உலகப் போர் பள்ளிகளையும் விடவில்லை. செயின்ட் ஜோசப்ஸ் கட்டடம் மருத்துவமனை ஆனது. ஜப்பானியர் ஆட்சியில் அதன் பெயரே பிராஸ் பாசா ஆண்கள் பள்ளி என்று மாறியது. பினாங்கில் செயின்ட் சேவியர்ஸ் பள்ளிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1945ல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அதன் கட்டடம் அழிந்தது. போர் முடிந்து மாணவர்கள் திரும்பியபோது கூரை இல்லை. தற்காலிகக் கொட்டகைகளில் பாடம் நடந்தது. புதிய கட்டடம் எழ 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போருக்குப் பிந்திய இந்த ஆண்டுகளில்தான், இன்று நமக்குப் பழக்கமான நிதி திரட்டும் வழிகள் பள்ளிகளில் வேரூன்றின. நன்கொடை அட்டையை மாணவர் வீடு வீடாக எடுத்துப் போவார். கேளிக்கைச் சந்தை நடக்கும். அம்மாமார் பலகாரம் செய்து கொண்டுவந்து விற்பார்கள். குலுக்குச் சீட்டு, நாடகம், கலை நிகழ்ச்சி, நெடுநடை என்று ஒவ்வொன்றாக வந்தன. பழைய மாணவர் சங்கங்கள் விருந்து வைத்து மேசை விற்றன.

கத்தோலிக்கப் பள்ளி என்றாலும் அங்கே படித்தவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டுமல்லர். சீனர், இந்தியர், யுரேசியர், மலாய்க்காரர் எனப் பல வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்தனர். அதனால் நன்கொடை அட்டையும் எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் வீட்டிலிருந்தும் கான்வென்ட் கூரைக்கு ஐந்து வெள்ளி போயிருக்கிறது என்றால் அது வியப்புக்குரியதன்று. தம் மகள் படிக்கும் பள்ளி என்ற உரிமை அந்த ஐந்து வெள்ளியில் இருந்தது.

சம்பளம் அரசுடையது, கூரை யாருடையது?

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிகளின் நிலை மாறியது. சிங்கப்பூரில் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அரசு உதவி பெறும் பள்ளிகளை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. மலாயாவில் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மிஷன் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. பாடத்திட்டம் அரசாங்கத்தினுடையது ஆனது. கல்விக் கட்டணச் சுமை பெற்றோருக்கு வெகுவாகக் குறைந்தது. இது பெரிய நன்மை. அன்னை மத்தில்டின் இரண்டு வகுப்புகள் ஒன்றாயின.

ஆனால், நிலமும் கட்டடமும் பெரும்பாலும் சபைகளின் பெயரிலேயே இருந்தன. இங்கேதான் சிக்கல் முளைத்தது. கரையான் அரித்த மரத்தரையை யார் மாற்றுவது? நாற்பது ஆண்டுப் பழைய மின்கம்பியை யார் பிடுங்கிப் புதிது போடுவது? கட்டடம் சபையுடையது என்று ஒரு பக்கம் சொல்ல, பள்ளி அரசாங்கத்தினுடையது என்று இன்னொரு பக்கம் சொல்ல, மழைநீர் நடுவில் ஒழுகியது. சகோதரர்களும் சகோதரிகளும் ஓய்வுபெற்றுக் குறையக் குறைய, அவர்கள் சம்பளத்திலிருந்து வந்துகொண்டிருந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத நன்கொடையும் வற்றியது. பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பழைய மாணவர்களும்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டியதாயிற்று.

மலேசியாவில் 2012ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மிஷன் பள்ளிகளின் பராமரிப்புக்கென 10 கோடி ரிங்கிட் தனியே அறிவிக்கப்பட்டது. தமிழ்ப் பள்ளிகளுக்கும் அதே அளவு தொகை அதே திட்டத்தில் அறிவிக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். இரண்டு வகைப் பள்ளிகளின் குறையும் ஒன்றேதான்: ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு, ஆனால் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வேறு.

நிலம் எவ்வளவு முக்கியம் என்பதைக் கோலாலம்பூர் புக்கிட் நனாஸ் கான்வென்ட் உணர்த்தியது. 1899ல் தொடங்கிய அந்தப் பள்ளியின் நிலக் குத்தகை 2021ல் முடிவுக்கு வந்தபோது, அது நீட்டிக்கப்படாது என்ற நிலை உருவாகி, விஷயம் நீதிமன்றம் வரை போனது. முடிவில் குத்தகை மேலும் 60 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. வகுப்பறைக்கு வெள்ளையடிக்கப் பணம் திரட்டும் எந்தக் குழுவும், அந்தச் சுவர் நிற்கும் மண் எத்தனை ஆண்டுக்குப் பள்ளியினுடையது என்பதை முதலில் விசாரிப்பது நல்லது.

நவீனமாக்க முடியாத அறைகள்

சிங்கப்பூரில் பிரச்சினை வேறு விதமாக வந்தது. விக்டோரியா ஸ்திரீட் கான்வென்ட் 1983ல் அந்த இடத்தைவிட்டுத் தோ பாயோவுக்குப் போனது. செயின்ட் ஜோசப்ஸ் பள்ளியும் 1980களின் கடைசியில் மால்கம் சாலைக்கு மாறியது. உயரமான கூரையும் அகன்ற தாழ்வாரமும் மின்விசிறி இல்லாத காலத்துக்கு ஏற்றவை. அறிவியல் கூடத்துக்கு எரிவாயுக் குழாய் வேண்டும், வடிகால் வேண்டும். கணினி அறைக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். ஓடி விளையாடத் திடல் வேண்டும். வெளியே வாகன இரைச்சல். நகர நடுவில், நூற்றாண்டுப் பழைய சுவர்களுக்குள் இவற்றைத் திணிப்பது எளிதன்று.

பள்ளிகள் வெளியேறிய பிறகு அந்தக் கட்டடங்கள் தேசிய நினைவுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்பட்டு, அழகாகப் புதுப்பிக்கப்பட்டன. ஒன்று கலைக்கூடம் ஆனது. இன்னொன்று சைம்ஸ் என்ற பெயரில் உணவகங்களும் திருமண விருந்துகளும் நடக்கும் இடமானது. பள்ளிக்கூடமாக இருந்தவரை சில்லறை சேர்த்துப் பழுதுபார்த்த சுவர்களுக்கு, பள்ளி போன பிறகு பெரும் பணம் வந்தது. மரபுடைமை காப்பாற்றப்பட்டதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால், நம்பிக்கை வாயில் வழியாக இப்போது பிள்ளைகள் புத்தகப் பையோடு நுழைவதில்லை.

மால்கம் சாலை வளாகமும் ஒரு தலைமுறைக்குள் போதாமற்போனது. 2013ல் செயின்ட் ஜோசப்ஸ் பள்ளி தற்காலிகமாகப் பீஷானுக்கு இடம் மாறியது. பழைய வளாகம் திருத்தி எழுப்பப்பட்டு, 2017ல் மாணவர்கள் புதிய வகுப்பறைகளில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு ஆண்டு எடுத்த 1867ஆம் ஆண்டுக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் இது மின்னல் வேகம். அரசாங்கத்தின் பங்கு பெரிது, பழைய மாணவர்களின் வசதியும் பெரிது. இதற்கிடையே 2007ல் அதே மரபில், முழுக்கக் கட்டணத்தில் இயங்கும் எஸ்ஜேஐ இன்டர்நேஷனல் என்ற தனியார் பள்ளியும் தோன்றிவிட்டது.

எந்தப் பிள்ளைக்கு இந்த மேசை?

தனியார் பள்ளி கட்டணம் வாங்குவது குற்றமன்று. குளிரூட்டிய அறையும் தொடுதிரைப் பலகையும் ஆய்வுக்கூடமும் சும்மா வருவதில்லை. கவலை வேறிடத்தில் இருக்கிறது. நவீனமாக்கும் செலவைக் கட்டணத்தில் ஏற்றிவிடுவது எளிது. ஏற்றினால் அறை புதிதாகும். ஆனால், அந்த அறைக்கு எந்த வீட்டுப் பிள்ளைக்காகப் பியூரெல் கடல் கடந்து கை நீட்டினாரோ, அந்த வீட்டுப் பிள்ளை வாசலோடு நின்றுவிடும். நன்கொடையின் முழு நோக்கமும் அந்தப் பிள்ளையை உள்ளே கொண்டுவருவதுதான். கட்டடத்துக்கான நிதியும் ஏழை மாணவர் உதவி நிதியும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதை ஒன்றரை நூற்றாண்டு அனுபவம் காட்டுகிறது. கட்டணம் செலுத்தும் வகுப்பையும் ஏழைகள் வகுப்பையும் அன்னை மத்தில்ட் ஒரே வாரத்தில் திறந்தது தற்செயலன்று.

நிதி திரட்டும் குழுக்களுக்கு இந்த வரலாறு வேறு சிலவற்றையும் சொல்லித்தருகிறது.

பெயர்ப்பலகை வைக்கக்கூடிய மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் நன்கொடையாளர் கிடைப்பார்கள். சாக்கடைக்கும் மின்கம்பிக்கும் கரையான் மருந்துக்கும் யாரும் பெயர் வைப்பதில்லை. ஆகவே, பெரிய நன்கொடையைக் காண்கிற செலவுக்கும், சிறிய நன்கொடையைக் காணாத செலவுக்கும் ஒதுக்கும் பள்ளி தப்பித்துக்கொள்ளும்.

புதுக் கட்டடம் திறந்த நாளிலேயே அதன் பழுதுபார்ப்புக் கணக்கும் தொடங்கிவிட வேண்டும். திரட்டிய பணம் முழுவதையும் சுவரில் போட்டுவிட்டால், பத்து ஆண்டு கழித்து அதே பெற்றோரிடம் அதே அட்டையை நீட்ட வேண்டிவரும்.

கணக்கு எல்லார் கண்ணிலும் பட வேண்டும். லியோன் நகரத்து ஆலைத் தொழிலாளி வாரம் ஒரு சூ தவறாமல் கொடுத்ததற்குக் காரணம், தன் காசு யார் கையில் போகிறது, அவர் யாரிடம் சேர்க்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக, சிறு தொகையை அற்பமாக எண்ணக்கூடாது. ஒரு செல்வர் ஒரே காசோலையில் கட்டடத்தை முடித்துவிடலாம். வேலை விரைவில் முடியும். ஆனால், ஆயிரம் வீடுகள் பத்துப் பத்து வெள்ளி கொடுத்த பள்ளிக்கு ஆயிரம் காவலர்கள் கிடைக்கிறார்கள். நிலத்துக்கு ஆபத்து வந்தாலோ, பள்ளியை மூடலாமா என்ற பேச்சு எழுந்தாலோ, முதலில் குரல் கொடுப்பவர்கள் அவர்களே. புக்கிட் நனாஸ் பள்ளிக்காகப் பழைய மாணவிகள் கவலையோடு குரலெழுப்பியதை நாடே பார்த்தது.

இன்றும் ஏதாவது ஒரு மிஷன் பள்ளியின் வாசலில், வகுப்பறைப் புதுப்பிப்பு நிதி என்று எழுதிய பலகை தொங்குகிறது. அதில் எவ்வளவு தேவை, எவ்வளவு சேர்ந்தது என்று இரண்டு எண்கள் இருக்கும். மூன்றாவதாக இன்னோர் எண்ணையும் எழுதிவைக்கலாம்: புதுப்பித்த வகுப்பறைகளில் கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கு எத்தனை இடம். கொடுப்பவர் கேட்க வேண்டிய எண் அதுதான். அதைச் சொல்ல முடிந்த பள்ளி, தயக்கமில்லாமல் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம்.